சந்தியில் நிற்கும் டயர் லொறி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய டயரிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது “எங்கிருந்து பிடித்தாய்?” என்று கேட்டால் நாகரிகமாக எதையாவது புளுக வேண்டி வரும்.

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு வரும் வழியில் நான் வந்த பஸ் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. லொறி நிறையப் பழைய டயர்கள். முந்திப் போக ரோட்டில் இடமில்லை, இறங்கி நடக்க எனக்கு மனமில்லை. பார்க்க வேறொன்றும் இல்லாததால் டயர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லா டயரிலும் அரசாங்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, நம்பரும் கோடுகளுமாக. ஒரு டயரில் மட்டும் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் ‘வி’ என்று கையால் எழுதியிருந்தது. எழுத்துக்கு அருகே ஒரு பூவும் இருந்தது. பூ அவ்வளவு ஒழுங்காக வரவில்லை.

தோட்டத்துக்காரர்களுக்கு அந்த எழுத்து என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு; அதன் கூரைத் தகரம் காற்றில் பறந்துவிடாமல் இருக்க மேலே பழைய டயர்களைப் போட்டு வைப்பார்கள். பெருங்காற்றடித்தால் டயரும் கழன்று சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய் விழும். விடிந்ததும் எது யாருடையது என்று சண்டை வரக் கூடாதென்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் டயரில் ஓர் அடையாளம் போட்டுவிடுவார்கள். டயருக்கு நம்பர் போட வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றுவதற்கு வெகுநாள் முன்பே நாங்கள் போட்டுவிட்டோம். (இந்த வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை கூடிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

லொறி ஹட்டனில் ஒரு டயர் கடைக்கு முன்னால் நின்றது. கொட்டகலைக்குப் போக வேண்டிய நான் அங்கேயே இறங்கி, டிரைவரிடம் போய், “அந்த ‘வி’ போட்ட டயர் யாருடையது?” என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“எங்க அக்காவோடது. ஏன், ஒங்களுக்கு வேணுமா? குடுக்க முடியாதுங்க, நம்பர் போட்டாச்சு” என்றான்.

அன்று அது வெறும் வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. யாருக்கும் இன்னும் அடிபட்டிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அந்தச் சிரிப்போடு எழுதி முடித்திருக்கலாம்.

2

அவனைச் சுதாகரன் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உண்மைப் பெயர் இதைவிட அழகானது, அதனாலேயே மாற்றினேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: “மூடுபனி மலையை மெல்ல—”

வேண்டாம். மலையகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பேனாவுக்குள் பனி இறங்கிவிடுகிறது. நாங்கள் பனிக்குள் குடித்தனம் நடத்தவில்லை, தகரத்துக்குக் கீழே நடத்துகிறோம்.

இரண்டாவது தொடக்கம்: “கழிவு டயர்களைச் சேகரித்தல், எடுத்துச் செல்லுதல் மற்றும் அகற்றுதல் தொடர்பான ஒழுங்குவிதிகளின் பிரகாரம், அனுமதிப்பத்திரம் பெற்ற வாகனத்தில் அன்றி—”

இதை வாசித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனால் கதை இதற்குள்தான் கிடக்கிறது என்பதால் சாதாரணத் தமிழில் சொல்லிவிடுகிறேன். இனிமேல் கண்டவர்கள் கண்ட வண்டியில் பழைய டயரை ஏற்றிப்போய் ஆற்றோரத்தில் கொட்ட முடியாது. அனுமதி பெற்ற லொறிதான் ஏற்றலாம். ஏற்றும்போது ஒவ்வொரு டயருக்கும் ஸ்டிக்கர் ஒட்டி போனில் பதிய வேண்டும். கீழ்நாட்டில் டயர் அரைக்கிற யார்டில் இறக்கும்போது மறுபடியும் பதிய வேண்டும். லொறிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அது மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுதிக் கொடுத்த பாதையை விட்டு விலகினாலோ, டயரைத் தவிர வேறு சாமானை ஏற்றினாலோ அனுமதி போய்விடும்.*

* இது இந்தக் கதைக்குள் இருக்கிற சட்டம். வெளியில் இருக்கிற சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. டயரை எரித்த புகையில் இருமி இருமி ஓய்ந்தவர்களை எனக்குத் தெரியும். டயர் அடைத்துக்கொண்ட ஓடை மழைக்குத் திரும்பி லயத்துக்குள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். டெங்கில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் போய் வந்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பின்னால் டயர்கள் தண்ணீரோடு கிடந்தன. ஆகவே இது நல்ல சட்டம்தான். எழுதியவர்கள் டயர் என்றால் தரையில்தான் கிடக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அது கூரை ஏறும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது தொடக்கம்: “சுதாகரன் தன் அக்காவின் கூரைமேல் ஏறி நின்றான்.”

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

சுதாகரன் தன் அக்காவின் கூரைமேல் ஏறி நின்றான். பொகவந்தலாவைக்குப் போகும் ரோட்டுக்கு மேலே, தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிற லயம் அது. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். இப்போது ஹட்டனில் ராசிக்கின் டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கி, ராசிக்கின் லொறியை ஓட்டுகிறான். அந்த லொறிக்கு டயர் ஏற்றும் அனுமதி கிடைத்த அன்று ராசிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்தார். தன் பெயர் அரசாங்கத்தில் ஏறிவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சுகாதாரப் பரிசோதகர் மேல் டிவிசனுக்கு வந்து கூரை டயர்களில் தேங்கியிருந்த தண்ணீரை ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். இறக்காவிட்டால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குளிருக்கு டெங்கு நுளம்பு வருவதானால் கம்பளியோடுதான் வர வேண்டும் என்று லயத்தில் சிரித்தார்கள். ஆனாலும் வழக்கு என்றால் வழக்குதான். டயரை ஏற்றிப் போக, அன்று ஒருநாள் மட்டும் மேல் டிவிசன் ரோடு சுதாகரனின் பாதையில் சேர்க்கப்பட்டது.

லயத்துச் சனம் சேர்ந்து நின்றது. டயரை இறக்க ஒருவரும் அசையவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் அவர்கள் கூரைக்குக் கல்தான் வைத்தார்கள். ஒரு காற்றில் கல் உருண்டு முற்றத்தில் நின்ற நல்லமுத்துவின் தோளில் விழுந்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையால் தொடவே இல்லை. அப்போதுதான் டயருக்கு மாறினார்கள். டயர் விழுந்தால் துள்ளிக்கொண்டு போய்விடும்.

“டயர எறக்கிட்டா தகரத்த யாரு புடிச்சிக்கிட்டு நிக்கிறது? நீயா?” என்று கீழே நின்ற காளியாயி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்குப் பயந்து கங்காணியே ஒதுங்கிப் போவார்.

“நாந்தான் சொல்றேன்ல அக்கா. நீளமா ரீப்பைக் கட்டையும் கம்பியும் கொண்டாந்து தாறேன். தகரத்துக்கு மேல ரீப்பைய வச்சு கம்பியால இழுத்துக் கட்டிட்டா அப்பறம் டயரே தேவையில்ல. காத்துக்கு முந்தி கொண்டாந்துருவேன்” என்று சுதாகரன் மேலிருந்து சொன்னான்.

“ஓட்டு கேக்க வாறவங்களும் இப்படித்தான் சொல்றாங்க.”

அப்போது அவனுடைய அக்கா வினோதா முன்னால் வந்தாள். அவளுடையது லயத்தின் தொங்கலில் இருக்கிற காம்பரா, கடைசி வீடு. காற்று மலையேறி வந்தால் முதலில் அங்கேதான் முட்டும்.

“அவன் என்னா ஓட்டா கேக்குறான்? டயரத்தானே கேக்குறான். எந்தம்பி சொன்னா செய்வான். டேய், எங்க கூரையிலேர்ந்து மொதல்ல எறக்குடா” என்றாள்.

அவன் ‘வி’ போட்ட டயரை இழுத்துக் கீழே போட்டான். அது முற்றத்தில் துள்ளி விழுந்து, தண்ணீரைக் கொட்டிக்கொண்டு படுத்தது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் ஏணியை எடுத்தார்கள்.

அவன் ஸ்டிக்கர் ஒட்டுவதை வினோதா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியா, நம்ம காம்பராவுக்கு இன்னும் அட்ரஸ் கெடைக்கல. கூரை டயருக்குக் கெடைச்சிருச்சு” என்றாள். லயமே சிரித்தது. காளியாயிகூடச் சிரித்தாள்.

[இந்த இடத்தில் வினோதாவுக்கு ஒரு மகளை எழுதியிருந்தேன். கெட்டிக்காரி, பரீட்சைக்குப் படிப்பவள், புத்தகத்தில் மழை ஒழுகப்போகிறவள். வாசகரின் கண்ணைக் கசக்க வைக்கத்தான் அவளை அழைத்து வந்தேன் என்று எனக்கே தெரிந்தது. கதையை விட்டு அனுப்பிவிட்டேன். எங்காவது ஒழுகாத வீட்டில் இருந்து படிக்கட்டும்.]

4

ரீப்பைக்குக் குறைவில்லை. ராசிக் அப்போதுதான் தன் வீட்டுக் கூரையை மாற்றியிருந்தார். கழற்றிய கட்டைகள் கடைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. சுதாகரன் கேட்டதும், “எல்லாத்தையும் எடுத்துக்கோங்க தம்பி, எனக்கு என்னத்துக்கு?” என்றுவிட்டார். கம்பியும் அவரே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கொண்டு போவதுதான் பாடாக இருந்தது. வேறு லொறி பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவனும் கேட்டுப் பார்த்தான். மேல் டிவிசன் ரோடு ரோடென்று பெயருக்கு இருக்கிறதே தவிர, தன் வண்டியை அதில் ஏற்ற யாரும் தயாரில்லை. ஆட்டோவில் அந்த நீளக் கட்டையை வைக்க முடியாது. தோட்டத்து டிராக்டர் பழுதாகிக் கராஜில் கிடந்தது. மிஞ்சியது ராசிக்கின் லொறி. அதன் பாதையில் மேல் டிவிசனை மறுபடியும் சேர்க்கும்படி ராசிக் கேட்டுப் பார்த்தார்.

“என்னா சொன்னாங்க, ராசிக் நானா?” என்று சுதாகரன் கேட்டான்.

“அங்க உள்ள டயரெல்லாம் எடுத்தாச்சாம். டயர் இல்லாத எடத்துக்கு டயர் லொறி என்னத்துக்குப் போறன்னு கேக்குறாங்க” என்றார் ராசிக். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

(இதை நான் இட்டுக்கட்டினேன் என்று நினைப்பீர்கள். இட்டுக்கட்டுவதானால் இதைவிட நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

இதற்குள் மேல் டிவிசனிலிருந்து தகவல் வந்தது. வானம் கறுக்கத் தொடங்கியதும் லயத்தில் கூரைக்கு மறுபடியும் கல்லேற்றிவிட்டார்கள். வேறு என்னதான் செய்வார்கள்? சுதாகரன் மறுபடியும் ராசிக்கிடம் போய் நின்றான். நல்லமுத்துவின் தோளை அவன் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

ராசிக் யோசித்து ஒரு வழி சொன்னார். “பொகவந்தலாவை கடைவீதிக்கு டயர் ஏத்த எப்பிடியும் போறீங்க. போற வழிலதானே உங்கட மேல் டிவிசன் சந்தி ஈக்கிது. லொறிய மூடுற படங்குக்குக் கீழ ரீப்பைய மறைச்சுப் போட்டுக்கோங்க. சந்தில எறக்கிக் குடுங்க, லயத்து ஆள்கள் வந்து தூக்கிட்டுப் போகட்டும். ஆனா ரூட்ட விட்டுத் திரும்பிராதீங்க தம்பி. லைசன் போனா ரெண்டு பேர்ட வாய்லயும் மண்ணு.”

சுதாகரன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்: “நாளைக்கிக் காலையில சந்திக்கு நாலஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு வா. ரீப்பை கொண்டாறேன்.” செய்தி ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றது. அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைப்பது கடவுள் செயல். காலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினான்.

5

லொறி சந்தியில் நின்றது. ஒருவரையும் காணவில்லை. சுதாகரன் கொஞ்சம் பார்த்தான், பிறகு ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். லொறி முக்கி முனகிக்கொண்டு மேல் டிவிசன் ரோட்டில் ஏறியது. சத்தம் கேட்டு லயத்துக் கிழங்களும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். கல்லையெல்லாம் இறக்கி ஓடையோரம் போட்டுவிட்டு, ரீப்பையை வைத்துக் கம்பியை முறுக்கிக் கட்டினார்கள். அன்று பின்னேரம் காற்று வந்தது. தகரம் ஒரு சத்தம் போடவில்லை. காளியாயி சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொடுத்து, “வாயத் தொறந்து ஒண்ணு கேட்டா செய்யிற ஆளுதான்டா நீ” என்றாள்.

எழுதிவிட்டு நானே இதை நாலைந்து தரம் வாசித்தேன். ரொட்டியின் வாசனைகூட வந்தது. ஆனால் இது நடக்கவில்லை.

5 (மறுபடியும்)

லொறி சந்தியில் நின்றது. ஒருவரையும் காணவில்லை.

அவன் போனைப் பார்த்தான். செய்தி இன்னும் ஒற்றை அடையாளத்தோடுதான் இருந்தது. இறங்கி நின்று மேலே பார்த்தான். லயம் முழுதாகத் தெரிந்தது. தொங்கல் காம்பரா தெரிந்தது. தகரத்தின்மேல் கற்கள் தெரிந்தன. கொடியில் வினோதாவின் பச்சைச் சட்டை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் யார் அக்கா என்று அவ்வளவு தூரத்தில் சொல்ல முடியாது. ஆனாலும் கையைத் தூக்கி ஆட்டினான். யாரும் பார்க்கவில்லை.

கட்டைகளை ரோட்டோரம் போட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்தான். மழைக்காலம் வருகிறது, காய்ந்த கட்டையை விறகுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். வலப்பக்கம் மேல் டிவிசன் ரோடு கிடந்தது. ஏறினால் பத்து நிமிடம். லொறிக்குள் கறுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து நேராகப் போனான்.

திரும்பி வரும்போது இறக்கலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் பொகவந்தலாவை கடைவீதியில் அன்று டயர் மலையாகக் குவிந்திருந்தது. அவற்றை ஏற்றிய பிறகு ரீப்பைகள் எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டன. திரும்பி வந்தபோது மழை பிடித்துவிட்டது. சந்தியில் அவன் நிறுத்தவே இல்லை.

இந்த இடத்தில் முதலில் “சுதாகரன் ஒரு கோழை” என்று எழுதினேன். பிறகு அடித்தேன். கோழை அல்ல. மலைச்சரிவில் பிரேக் போன லொறியை மண் திட்டில் முட்டி நிறுத்தியவன் அவன். “சுதாகரன் சுயநலக்காரன்” என்று எழுதினேன், அதையும் அடித்தேன். கடைசியில் அவனிடமே கேட்டேன்.

“தெரியலைங்க. சின்னப் புள்ளையில எங்கப்பா மலையில நின்னு பேசிக்கிட்டே இருப்பாரு. வேலைய மேப்பாக்குற கண்டாக்கையாவோட மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்துல கேட்டா போதும், டக்குன்னு குனிஞ்சிருவாரு. அவரு அந்தப் பக்கமே வரமாட்டாரு, வேற மலைக்குப் போவாரு. ஆனாலும் இவரு குனிஞ்சிருவாரு. அதப் பாத்து நான் சிரிச்சிருக்கேன்” என்றான்.

இதற்கு மேல் அவனைப் பற்றி நான் எழுதிய எதுவும் இதைவிடச் சரியாக இல்லை.

6

எழுத வேண்டிய பகுதி இது. இதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் வட்டிலப்பத்தைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் காற்று வந்தது. வினோதா கொழுந்தைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது தொங்கல் பக்கத்துத் தகரம் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ஒரு கல் ஏற்கெனவே நகர்ந்துவிட்டிருந்தது. புருஷன் கொழும்பில் வேலை. பக்கத்து ஆண்கள் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அவளே ஏணியை வைத்து ஏறினாள். நகர்ந்த கல்லை இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். தகரம் எழும்பியது. கல் திரும்பி வந்து அவளுடைய வலது கையைத் தகரத்தோடு வைத்து நசுக்கியது.

விரல்கள் போய்விட்டன. பெருவிரலையும் சுண்டுவிரலையும் தவிர.

அவளைத் தப்பவைக்க என்னாலானதைச் செய்து பார்த்தேன். ஆண்களைச் சீக்கிரம் மலையிலிருந்து இறக்கினேன். காற்றைக் கொஞ்சம் பிந்தி வரவைத்தேன். கல்லைக் காளியாயி வீட்டுக் கூரைக்கு மாற்றினேன். அப்படிச் செய்ததில் எனக்கே வெட்கமாகப் போனது; காளியாயிக்கும் விரல் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்று சொல்கிறார்கள். சும்மா சொல்கிறார்கள்.

சுதாகரன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“சந்திக்கு வந்தியாமே? மெசேஜ் இப்பத்தான் வந்துச்சு. சரியான நேரத்துலதான் சிக்னல் வருது பாரு” என்றாள்.

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

“ஏன்டா அழுவுற? நீ என்னா செய்வ. ஒன்னையத்தான் அந்தப் பொட்டியில போட்டுக் கட்டி வச்சிருக்காங்களே. திரும்பியிருந்தா வேல போயிருக்கும்ல. போ, போயி டீ குடி.”

அவள் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனும் அப்படித்தான் சொன்னான். இப்போது அவள் கொழுந்தெடுக்கப் போவதில்லை. தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பெருக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ரீப்பைகளை ராசிக்கே வெட்கத்தோடு ஒருநாள் இரட்டைக் கூலிக்கு வேறு லொறி பேசி மேலே அனுப்பி வைத்தார். இப்போது அந்தக் கூரை அசைவதில்லை.

7

இங்கே முடித்திருக்கலாம். வாசகர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். ஆனால் சுதாகரன் ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு கொட்டகலைக்கே வந்தான். “எழுதுறீங்கன்னா இதையும் எழுதுங்க” என்றான்.

லைசனைப் புதுப்பிக்க ராசிக் அவனை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஓர் இளம் பெண் அலுவலர் இருந்திருக்கிறார். நல்ல பிள்ளை என்றான். உட்காரச் சொல்லி, லொறி போய்வந்த பாதைகளைக் கம்ப்யூட்டரில் காட்டியிருக்கிறார். சிங்களத்தில்தான் பேசியிருக்கிறார். அவன் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

“உங்கள் லொறியில் ஒரு குறையும் இல்லை. இந்த இடத்தில் மட்டும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவே விரலை வைத்திருக்கிறார். “அங்கே சிக்னல் இல்லை. பெட்டி பேசாது. எல்லா லொறியும் அங்கே காணாமல் போய், அந்தப் பக்கம்தான் வெளியே வரும்.”

“அப்ப அந்த எடத்துல திரும்பினா?”

“திரும்பினாலும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றாலும் தெரியாது. இந்தப் புள்ளியையும் அந்தப் புள்ளியையும் கம்ப்யூட்டரே ஒரு கோடு போட்டுச் சேர்த்துவிடும். இதோ பாருங்கள்.”

அவன் பார்த்தான். ரோடு மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போனது. கோடு அதைச் சட்டை செய்யாமல் மலையை வெட்டிக்கொண்டு நேராகப் போனது. கீழே சின்னச் சின்னதாக லயங்கள் தெரிந்தன. அவன் தன் லயத்தைக் கண்டுபிடித்தான். கோடு அதன் தொங்கல் காம்பராவுக்கு மேலேயே போனது.

அக்காவுக்கு அடிபட்ட அந்த நாளைத் திறந்து காட்டும்படி கேட்டான். அவர் திறந்தார். அன்றும் அதே கோடுதான். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

“அரசாங்கக் கணக்குல நான் அன்னைக்கி மேல் டிவிசனுக்குப் போயிருக்கேங்க. போயிட்டும் வந்துருக்கேன்” என்றான் என்னிடம்.

எனக்குச் சட்டென்று என்னுடைய முதலாவது ஐந்தாம் பகுதி நினைவுக்கு வந்தது. நடக்கவில்லை என்று நான் ஒதுக்கி வைத்த அந்தப் பயணத்துக்கு அரசாங்கத்தில் சாட்சி இருக்கிறது.

“அக்காவிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன்.

“எதச் சொல்றது? ‘வேல போயிருக்கும்ல’ன்னு அவ நெனச்சிக்கிட்டு இருக்கா. அது ஒண்ணுலதான் அவ என்னைய மன்னிச்சு வச்சிருக்கா. ‘யாருமே பாக்கலக்கா, பாக்காத ஆளுக்குப் பயந்துதான் நான் நேராப் போனேன்’னு எப்பிடிங்க சொல்றது?”

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவன் அதைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். இந்தக் கதையை அவன் அக்கா வாசித்துவிடக் கூடாதே என்று எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. வாசித்தால்தான் என்ன என்றும் இருக்கிறது.

8

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அவன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்கிறான், அவள் அழுகிறாள், பிறகு—

இன்னொன்றில் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி ஆற்றில் எறிகிறான். இதைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொன்றில் யார்டில் ‘வி’ போட்ட டயரை அரைக்கப் போகும்போது அவன் கண்ணை—

எதுவும் ஒப்பவில்லை. எந்த முடிவை எழுதினாலும் அது சந்தியைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. அவன் என்னிடம் எத்தனையோ தரம் கதையைச் சொன்னான். ஒவ்வொரு தரமும் சந்திக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே சொன்னான். நானும் அங்கேயே நிறுத்துகிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் ஏறி உட்காருங்கள்.

காலை நேரம். லொறி சந்தியில் நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படங்குக்குக் கீழே ராசிக் வீட்டு ரீப்பைகளும் ஒரு கட்டுக் கம்பியும் இருக்கின்றன. சிவப்பு விளக்கு மினுங்கும், அது பாட்டுக்கு மினுங்கட்டும். வலப்பக்கம் மேல் டிவிசன் ரோடு. கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், அழுத்தி மிதிக்க வேண்டும். எதிர் மலையில் வினோதா கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு கையாலும்.